கால்சியம் மாத்திரை மார்பகப் புற்றுநோய்க்குக் காப்பு அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் மகளிர் பக்கத்தில் சென்ற வாரம், கால்சியம் நிறைந்த உணவு மார்பகப் புற்றுநோயைத் தடுக்கும் என்ற தலைப்பில் ஒரு கட்டுரை வெளியாகியிருந்தது. கட்டுரைக்குள் பாலும் கேழ்வரகும் கீரையும் பேசப்பட்டிருந்தாலும், அதனுடன் அச்சாகியிருந்த படம் ஒரு மாத்திரை அட்டையுடையது. முப்பத்தொரு ஆண்டுகள் அரசு மருத்துவமனைகளில் மருந்தாளுநராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். "தடுக்கும்" என்ற அந்த ஒரு சொல் ஒரு பெண்ணை எங்கே கொண்டுபோய் நிறுத்தும் என்பதை என் வீட்டுக்குள்ளேயே பார்த்தவளும்கூட. ஆகவே இக்கடிதம் சற்று நீண்டுவிட்டால் பொறுத்தருளுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

என் அக்காவுக்கு மாதவிடாய் நின்றபோது வயது 51. முழங்கால் வலிக்காக ஒரு மருத்துவர் மூன்று மாதங்களுக்கு எழுதிக் கொடுத்த கால்சியம் மாத்திரையை, மருந்துச் சீட்டின் காலம் முடிந்த பிறகும் அவர் தாமாகவே கடையில் வாங்கிக் காலையும் இரவும் விழுங்கி வந்தார். அதற்குக் காரணம், ஏதோ ஒரு வார இதழில் வந்திருந்த துணுக்கு. கால்சியம் எடுத்துக்கொள்ளும் பெண்களுக்கு மார்பகப் புற்றுநோய் வருவதில்லை என்று அதில் போட்டிருந்ததாம்; அதைக் கத்தரித்து நாட்காட்டி அட்டையில் செருகி வைத்திருந்தார். 56 வயதில் இடது மார்பில் பட்டாணி அளவில் ஒரு கட்டி கைக்குத் தட்டுப்பட்டது. வலி இல்லை. "நான்தான் ஐந்து வருடமாகக் கால்சியம் சாப்பிடுகிறேனே, எனக்கு அதெல்லாம் வராது, இது வெறும் கொழுப்புக் கட்டி" என்று தமக்குத் தாமே தீர்ப்புச் சொல்லிக்கொண்டு எட்டு மாதங்கள் யாரிடமும் சொல்லாமல் இருந்துவிட்டார். மருந்து கொடுப்பதையே தொழிலாகக் கொண்ட தங்கையாகிய என்னிடமும் சொல்லவில்லை. அக்குளில் நெறி கட்டிய பிறகுதான் சொன்னார். அறுவை சிகிச்சை, ஆறு முறை கீமோதெரபி, அதன் பின் கதிர்வீச்சு என்று ஓராண்டு கழிந்தது. எட்டு மாதங்களுக்கு முன்பே காட்டியிருந்தால் இவற்றில் எவ்வளவு தேவைப்பட்டிருக்காது என்பதை என்னால் அறுதியிட்டுச் சொல்ல முடியாது. ஆனால் நெறி கட்டுவதற்கு முன் காட்டியிருக்கலாம் என்ற எண்ணம் எங்கள் இருவரையும் விட்டு அகலவில்லை.

தங்கள் கட்டுரையாளர் ஆதாரமில்லாமல் எழுதிவிட்டார் என்று நான் குற்றம் சாட்டவில்லை. உணவில் உள்ள கால்சியத்துக்கும் மார்பகப் புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பை நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாக ஆராய்ந்து வருகிறார்கள். அமெரிக்காவின் செவிலியர் உடல்நல ஆய்வில் 88,691 செவிலியரின் உணவுப் பழக்கத்தை 1980 முதல் 16 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து, 2002-இல் முடிவை வெளியிட்டனர். மாதவிடாய் நிற்காத வயதுப் பெண்களில், கொழுப்பு குறைந்த பாலையும் பால்பொருள்களையும் கூடுதலாக உட்கொண்டவர்களுக்கு மார்பகப் புற்றுநோய் சற்றுக் குறைவாகக் காணப்பட்டது. மாதவிடாய் நின்றவர்களிடம் அத்தகைய தொடர்பு காணப்படவில்லை. 45 வயதைக் கடந்த முப்பத்தோராயிரத்துக்கும் மேற்பட்ட அமெரிக்கப் பெண்களை ஏறத்தாழ பத்தாண்டுகள் கவனித்து 2007-இல் வெளியான மற்றோர் ஆய்வும் இதையே சொன்னது. அதில், மாதவிடாய் நிற்காத பெண்களுள் மிகுதியாகக் கால்சியம் உட்கொண்டவர்களுக்கு, மிகக் குறைவாக உட்கொண்டவர்களைவிட நோய் வாய்ப்பு 39 விழுக்காடு குறைவாக இருந்தது. மாதவிடாய் நின்றவர்களுக்கோ அந்தப் பயன் தென்படவில்லை. கட்டுரையில் இடம்பெற்ற "ஏறத்தாழ நாற்பது விழுக்காடு" என்ற எண் இங்கிருந்துதான் வந்திருக்க வேண்டும் என்று கருதுகிறேன். அந்த எண் எந்த வயதுப் பெண்களைப் பற்றியது என்ற விவரம் கட்டுரையில் விடுபட்டுப்போயிற்று. மார்பகப் புற்றுநோய் வரும் பெண்களில் கணிசமானோர் மாதவிடாய் நின்ற பிறகே அதற்கு ஆளாகிறார்கள் என்பதை நினைத்தால், விடுபட்டது சிறு விவரம் அல்ல.

இத்தகைய ஆய்வுகள் பதினொன்றை ஒன்றுசேர்த்து, எட்டு லட்சத்து எழுபதாயிரத்துக்கும் மேற்பட்டோரின் கணக்கை 2016-இல் தொகுத்தார்கள். அத்தொகுப்பின்படி, உணவில் நாளொன்றுக்கு 300 மில்லிகிராம் கால்சியம் கூடினால் மார்பகப் புற்றுநோய் வாய்ப்பு சுமார் 2 விழுக்காடு குறைகிறது. 300 மில்லிகிராம் என்பது கால் லிட்டர் பசும்பாலில் இருக்கும் அளவு. அதாவது, நூறு பெண்களுக்கு இந்நோய் வரவிருந்த ஓர் ஊரில் எல்லாப் பெண்களும் நாள்தோறும் கூடுதலாக ஒரு பெரிய டம்ளர் பால் குடித்திருந்தால், இத்தொடர்பு உண்மையிலேயே காரண காரியத் தொடர்பாக இருக்கும் பட்சத்தில், 98 பெண்களுக்கு வந்திருக்கும். அந்த இருவர் தப்பியதை நான் சிறிதும் குறைத்து மதிப்பிடவில்லை. மற்ற 98 பேரிடம் "பால் உன்னைக் காத்துவிடும்" என்று சொல்லிவைத்ததற்கு யார் பொறுப்பு என்பதே என் கேள்வி.

காரண காரியத் தொடர்பாக இருக்கும் பட்சத்தில் என்று மேலே ஒரு நிபந்தனை போட்டிருக்கிறேன். அதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். கோயில் பிரகாரத்தை நாள்தோறும் ஒன்பது முறை சுற்றிவரும் பாட்டிமார், சுற்றாதவர்களைவிட நீண்ட காலம் வாழ்கிறார்கள் என்று ஒருவர் கணக்கெடுத்துச் சொன்னால், அது பொய்யான கணக்காக இருக்காது. காலில் தெம்பும் நெஞ்சில் மூச்சும் உள்ளவர்களால்தான் பிரகாரம் சுற்ற முடியும் என்பதை அந்தக் கணக்கு தனியே எடுத்துக் காட்டாது, அவ்வளவுதான். அதேபோல, கொழுப்பு நீக்கிய பாலைத் தேடி வாங்கிக் குடிக்கும் பெண் பெரும்பாலும் நடைப்பயிற்சியும் செய்கிறாள், மதுவைக் குறைக்கிறாள், உடல் எடையைக் கவனிக்கிறாள், மருத்துவரிடம் தவறாமல் போகிறாள். ஆய்வாளர்கள் இவற்றையெல்லாம் கணக்கில் கழித்துப் பார்க்கவே செய்கிறார்கள்; ஆனால் கேட்டு எழுதிக்கொண்டவற்றை மட்டுமே கழிக்க முடியும். ஒருத்தி தன் உடம்பின் மீது வைத்திருக்கும் கவனத்தை அளக்க எந்தக் கேள்வித்தாளிலும் வழியில்லை.

இதைத் தீர்க்கும் வழி, பெண்களைக் குலுக்கல் முறையில் இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்குக் கால்சியமும் மற்றதற்கு அதேபோல் தோற்றமளிக்கும் மருந்தில்லா மாத்திரையும் கொடுத்துப் பல ஆண்டுகள் காத்திருப்பதுதான். அந்தச் சோதனையும் நடந்து முடிந்துவிட்டது. தங்கள் கட்டுரையில் அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. அமெரிக்காவில் 50 முதல் 79 வயது வரையிலான, மாதவிடாய் நின்ற 36,282 பெண்களைப் பிரித்து, பாதிப் பேருக்கு நாளொன்றுக்கு 1,000 மில்லிகிராம் கால்சியமும் 400 அலகு வைட்டமின் டி-யும் சராசரியாக ஏழு ஆண்டுகள் கொடுத்தனர். முடிவு 2008-இல் வந்தது. கால்சியம் எடுத்துக்கொண்டவர்களில் 528 பேருக்கும், மருந்தில்லா மாத்திரை எடுத்துக்கொண்டவர்களில் 546 பேருக்கும் பரவும் தன்மையுள்ள மார்பகப் புற்றுநோய் வந்திருந்தது. இந்த 18 பேர் வேறுபாடு தற்செயலாகவே ஏற்படக்கூடிய அளவுதான். மாறாக, சிறுநீரகக் கல் வந்தவர்கள் கால்சியம் பிரிவில் 449 பேர், மற்றதில் 381 பேர்; இந்த வேறுபாடு தற்செயலானது அல்ல. கரிசல் காட்டிலும் கடலோர வறண்ட மாவட்டங்களிலும் வெயிலில் நின்று வேலை செய்து, போதிய தண்ணீர் குடிக்க வாய்ப்பில்லாத பெண்கள் நிறைந்த நம் மாநிலத்தில் கல்லடைப்பு என்பது அலட்சியமாகக் கடந்து போகும் பக்கவிளைவு அன்று.

இச்சோதனைக்கும் ஒரு வரம்பு உண்டு. அதை மறைத்தால் நானும் அந்தக் கட்டுரையாளர் செய்ததையே மறுபக்கத்திலிருந்து செய்தவளாவேன். அதில் சேர்ந்த அமெரிக்கப் பெண்கள் உணவிலும் தாமாக வாங்கிய மாத்திரைகளிலும் ஏற்கெனவே போதுமான கால்சியம் பெற்று வந்தவர்கள். சோதனை நடந்தபோதும் சொந்தமாக மாத்திரை எடுக்க அவர்களுக்குத் தடை இல்லை. நிறைந்த குடத்தில் தண்ணீர் ஊற்றிப் பார்த்து, ஊற்றுவதால் பயனில்லை என்று முடிவு கட்டலாமா என்று கேட்பவர்களின் கேள்வியில் நியாயம் இருக்கிறது. சொந்தமாக மாத்திரை எடுக்காதிருந்தவர்களை மட்டும் பின்னர் தனியே பிரித்துக் கணக்கிட்ட நியூசிலாந்து ஆய்வாளர்கள், அவர்களிடையே மார்பகப் புற்றுநோய் சற்றுக் குறைந்திருந்ததாக 2011-இல் எழுதினர். அதே ஆய்வாளர்கள் அதே ஆண்டில், அதே வகையில் பிரித்துப் பார்த்தபோது, கால்சியம் எடுத்த பிரிவில் மாரடைப்பு போன்ற இதய நோய்கள் சற்றுக் கூடியிருந்ததாகவும் எழுதினர். முன்னதை எடுத்துக்கொள்கிறவர் பின்னதையும் எடுத்துக்கொள்ளத்தான் வேண்டும். முடிந்துபோன சோதனையைப் பின்னால் துண்டு துண்டாக்கிப் பார்க்கும் கணக்கு எதுவும் உறுதியானது அல்ல என்பதால், இரண்டையுமே எச்சரிக்கையோடு ஒதுக்கி வைப்பவர்களோடு நான் சேர்கிறேன்.

உணவில் இருக்கும்போது நன்மையோடு சேர்ந்து காணப்படும் ஒரு பொருள், பிரித்தெடுத்து மாத்திரையாக்கியதும் அதே நன்மையைத் தரும் என்று எதிர்பார்க்க முடியாது. மருந்துத் துறையில் இருந்தவர்களுக்கு இந்தப் பாடம் புதிதல்ல. மஞ்சள், பச்சைக் காய்கறிகளை நிறைய உண்பவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் குறைவாக இருந்ததைக் கண்டு, அவற்றிலுள்ள பீட்டா கரோட்டினைத் தனியே மாத்திரையாக்கிப் பின்லாந்தில் 29,133 புகைபிடிக்கும் ஆண்களிடம் சோதித்தார்கள். 1994-இல் முடிவு வந்தபோது, அந்த மாத்திரை எடுத்தவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் 18 விழுக்காடு கூடியிருந்தது. மாதவிடாய் நின்ற பெண்களுக்கு ஹார்மோன் மாத்திரை இதயத்தைக் காக்கும் என்று செவிலியர் ஆய்வு போன்றவற்றை வைத்து நம்பிய காலமும் உண்டு. நான் மேலே சொன்ன கால்சியம் சோதனையை நடத்திய அதே திட்டத்தின் மற்றொரு பகுதிதான், ஈஸ்ட்ரோஜனும் புரோஜெஸ்டினும் சேர்ந்த மாத்திரையால் மார்பகப் புற்றுநோய் கூடுவதை 2002-இல் கண்டுபிடித்து, சோதனையையே பாதியில் நிறுத்தியது. அந்நாளில் ஹார்மோன் மாத்திரையைப் புகழ்ந்து எழுதியவர்களும் நல்லெண்ணத்தோடுதான் எழுதியிருப்பார்கள்.

பாலைப் பற்றியும் ஒரு சொல். தங்கள் கட்டுரை கால்சியத்தையும் பாலையும் ஒன்றாகவே பாவித்தது. பாலில் கால்சியம் மட்டும் இல்லை. கொழுப்பும், புரதமும், ஹார்மோன்களும், உடலில் வளர்ச்சிக் காரணிகளைத் தூண்டும் பொருள்களும் உள்ளன. கலிபோர்னியாவின் லோமா லிண்டா பல்கலைக்கழகத்தார், ஏறத்தாழ 53,000 பெண்களை எட்டு ஆண்டுகளுக்குச் சற்றுக் குறைவான காலம் கவனித்து 2020-இல் வெளியிட்ட ஆய்வில், பால் மிகுதியாகக் குடித்தவர்களுக்கு மார்பகப் புற்றுநோய் கூடுதலாக இருந்தது. இதுவும் பிரகாரக் கணக்கு வகையைச் சேர்ந்ததே. இதை நம்பிப் பாலை நிறுத்துங்கள் என்று ஒருவர் எழுதினால் அதையும் இதே அளவு உறுதியோடு மறுப்பேன். உலகப் புற்றுநோய் ஆராய்ச்சி நிதியம் இவ்வகை ஆய்வுகளையெல்லாம் திரட்டி 2017-இல் தந்த மதிப்பீட்டில், கால்சியம் மிகுந்த உணவு மார்பகப் புற்றுநோயைக் குறைக்கலாம் என்பதற்கான சான்றை "வரம்புக்குட்பட்டது, குறிப்பளவிலானது" என்ற படியில்தான் வைத்தது. பரிந்துரை செய்யப் போதுமான படி அன்று அது. அதே மதிப்பீட்டில், மாதவிடாய் நின்ற பிறகு உடல் பருமனாலும் மதுவாலும் நோய் கூடுகிறது என்பதற்கான சான்று உறுதியான படியில் இருக்கிறது. தாய்ப்பால் கொடுப்பதைப் பற்றி, முப்பது நாடுகளில் நடந்த 47 ஆய்வுகளைத் தொகுத்து 2002-இல் வந்த கணக்கு, ஒரு பெண் கொடுக்கும் ஒவ்வொரு 12 மாதத் தாய்ப்பாலுக்கும் நோய் வாய்ப்பு 4.3 விழுக்காடு குறைகிறது என்கிறது. மார்பகப் புற்றுநோய்த் தடுப்பு என்று ஒரு பக்கம் ஒதுக்கும்போது, பச்சிளங்குழந்தையை வீட்டில் விட்டுவிட்டு இரண்டாம் மாதமே ஆலை வேலைக்குத் திரும்பும் பெண்களின் நிலைமைக்கு அதில் இடம் வேண்டாமா?

இவ்வளவும் சொன்னதால், கால்சியம் தேவையில்லை என்று நான் எழுதுவதாக யாரும் கொள்ள வேண்டாம். நம் பெண்களின் உணவில் கால்சியம் உண்மையிலேயே குறைவு. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுமமும் ஐதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் வயதுவந்த பெண்ணுக்கு நாளொன்றுக்கு 600 மில்லிகிராம் என்று முன்பு சொல்லி வந்ததை 2020-இல் 1,000 ஆக உயர்த்தின. மாதவிடாய் நின்றவர்களுக்கும் பாலூட்டும் தாய்மார்களுக்கும் 1,200. மூன்று வேளையும் வெள்ளை அரிசியையே நம்பியிருக்கும் இலையில் இந்த அளவு எட்டவே எட்டாது. தீட்டிய அரிசி 100 கிராமில் கால்சியம் 10 மில்லிகிராம்கூடத் தேறாது. அதே நிறுவனத்தின் உணவு அட்டவணையில் கேழ்வரகுக்கு 364 என்றும், முருங்கைக்கீரைக்கு 314 என்றும், பசும்பாலுக்கு 118 என்றும் போட்டிருக்கிறது. எள்ளில் ஆயிரத்துக்கும் மேல். அகத்திக்கீரை முருங்கையையும் மிஞ்சும். கூழ் காய்ச்சுவதற்கு முன் கேழ்வரகை முளைகட்டியோ மாவைப் புளிக்க வைத்தோ பக்குவப்படுத்திய நம் பாட்டிமாருக்கு ஃபைட்டிக் அமிலம் என்ற பெயர் தெரியாது. ஆனால் கால்சியத்தை உடம்பில் சேரவிடாமல் பிடித்துவைக்கும் அந்தப் பொருளைக் குறைக்கும் கைப்பக்குவம் அவர்களிடம் இருந்தது. கடலோரத்தில் முள்ளோடு மென்று தின்னும் நெத்திலியும் இந்தக் கணக்கில் சேரும். பசலைக்கீரையில் கால்சியம் இருந்தாலும் ஆக்ஸாலிக் அமிலம் அதைக் கட்டிப்போட்டுவிடுவதால், அதை நம்ப வேண்டியதில்லை.

சுண்ணாம்புச் சத்து என்ற பெயரால் நேர்ந்திருக்கும் ஒரு பிழையையும் இங்கே சொல்லிவிடுகிறேன். எங்கள் மருத்துவமனைக்கு வந்த வயதான தாய்மார் பலர், வெற்றிலையோடு சுண்ணாம்பு போட்டுக்கொள்வதால் சுண்ணாம்புச் சத்து தங்களுக்குக் குறையாது என்று சொல்வார்கள். அவர்கள் சொல்வதில் ஓரளவு உண்மை இருக்கலாம். ஆனால் அதோடு மெல்லும் பாக்கு, புகையிலை சேராவிட்டாலும்கூட, வாய்ப்புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை வகைப்படுத்தியிருக்கிறது.

மருந்து கொடுக்கும் சன்னலுக்குப் பின்னால் நின்றவள் என்ற முறையில், கால்சியம் மாத்திரை வாங்குவோர் அறிந்திருக்க வேண்டியவை சிலவற்றைத் தங்கள் கட்டுரை சொல்லியிருக்கலாம் என்று வருந்துகிறேன். அட்டையில் கால்சியம் கார்பனேட் 1,250 மில்லிகிராம் என்று அச்சிட்டிருந்தால், அதில் உடலுக்குப் பயன்படும் கால்சியம் 500 மில்லிகிராம்தான். இரண்டையும் குழப்பிக்கொண்டு அளவைக் கூட்டியவர்களையும் பார்த்திருக்கிறேன், குறைத்தவர்களையும் பார்த்திருக்கிறேன். கார்பனேட் வகையை உணவோடு சேர்த்து எடுத்தால்தான் நன்றாகச் சேரும். ஒரே வேளையில் 500 மில்லிகிராமுக்கு மேல் எடுத்தால் உடல் ஏற்கும் விகிதம் குறைந்துவிடும். தைராய்டு மாத்திரையைக் காலையில் வெறும் வயிற்றில் விழுங்கிவிட்டு உடனே கால்சியத்தையும் விழுங்கும் பெண்கள் ஏராளம். அப்படிச் செய்தால் தைராய்டு மருந்து குடலில் சேராமல் வீணாகும், நான்கு மணி நேர இடைவெளி வேண்டும். கர்ப்பிணிகளுக்குக் கொடுக்கும் இரும்புச்சத்து மாத்திரையையும் கால்சியத்தோடு சேர்த்து எடுக்கக் கூடாது. ஒவ்வொரு கர்ப்பிணியிடமும் இரண்டு அட்டைகளையும் தனித்தனிக் கையில் கொடுத்து, ஒன்று மதியம், ஒன்று இரவு என்று சொல்லி அனுப்புவதை நான் வழக்கமாக வைத்திருந்தேன்.

என் அக்கா இன்றைக்கும் கால்சியம் மாத்திரை எடுத்துக்கொண்டுதான் இருக்கிறார். அவருடைய கட்டி ஈஸ்ட்ரோஜனை ஏற்று வளரும் வகை என்பதால், உடலில் அந்த ஹார்மோன் உருவாவதைத் தடுக்கும் லெட்ரோசோல் மாத்திரையை நாள்தோறும் எடுக்கிறார். அந்த மருந்து எலும்பின் அடர்த்தியைக் குறைக்கும். எனவே எலும்பு அடர்த்தியை அளந்து பார்த்து, இரத்தத்தில் கால்சியத்தையும் வைட்டமின் டி-யையும் பரிசோதித்து, எவ்வளவு எடுக்க வேண்டும் என்று அவருடைய புற்றுநோய் மருத்துவர் எழுதிக் கொடுத்திருக்கிறார். நோய் எலும்புக்குப் பரவியவர்களில் சிலருக்கு இரத்தத்தில் கால்சியம் அளவுக்கு மீறி ஏறிவிடும் என்பதால், அத்தகையவர்கள் மருத்துவர் சொல்லாமல் இதைத் தொடவே கூடாது. மாத்திரை பழைய மாத்திரைதான். முன்பு அவர் அதை நம்பிக் கட்டியை மறைத்தார். இப்போது அளவும் காரணமும் தெரிந்து எடுக்கிறார்.

2022-ஆம் ஆண்டில் மட்டும் இந்தியாவில் ஏறத்தாழ 1,92,000 பெண்களுக்குப் புதிதாக மார்பகப் புற்றுநோய் கண்டறியப்பட்டதாகவும், 98,000-க்கும் மேற்பட்டோர் அதனால் இறந்ததாகவும் உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை மதிப்பிட்டிருக்கிறது. நோய் வந்தவர்களின் எண்ணிக்கையில் பாதிக்கும் மேலாக இறப்பு எண்ணிக்கை இருக்கிறது என்றால், நம் பெண்கள் காலம் கடந்து வருகிறார்கள் என்பதே அதற்கு முதன்மையான காரணம். மார்பகத்தை எக்ஸ்-ரே எடுக்கும் மேமோகிராம் இயந்திரம் எல்லா ஊருக்கும் வராவிட்டாலும் செய்யக்கூடியது ஒன்று உண்டு. மும்பையில் டாடா நினைவு மருத்துவமனையினர் 1998-இல் தொடங்கி, 1,51,538 பெண்களை இரு பிரிவாக்கி இருபது ஆண்டுகள் கவனித்தார்கள். பயிற்சி பெற்ற பெண் சுகாதாரப் பணியாளர்கள் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை கையால் மார்பகப் பரிசோதனை செய்த பிரிவில், நோய் முற்றாத நிலையிலேயே கண்டறியப்பட்டது. 50 வயதைக் கடந்த பெண்களிடையே மார்பகப் புற்றுநோய் இறப்பு ஏறத்தாழ 30 விழுக்காடு குறைந்தது என்று 2021-இல் வெளியிட்டார்கள். நம் நாட்டிலேயே, நம் நாட்டுக் குடிசைப்பகுதிப் பெண்களிடையே, குலுக்கல் முறையில் பிரித்துச் செய்து பார்த்துக் கண்ட பயன் இது. தமிழ்நாட்டில் ஆரம்ப சுகாதார நிலையங்களில் 30 வயதைக் கடந்த பெண்களுக்கு இதே பரிசோதனையைச் செவிலியர்கள் கட்டணமின்றிச் செய்கிறார்கள். ரவிக்கையைத் தளர்த்தக் கூச்சப்பட்டு, இரத்த அழுத்தமும் சர்க்கரையும் மட்டும் பார்த்துக்கொண்டு திரும்பிப் போனவர்களை நான் எத்தனையோ முறை கண்டிருக்கிறேன். அந்தக் கூச்சத்தைப் போக்கும்படி ஒரு கட்டுரை தங்கள் மகளிர் பக்கத்தில் வருமானால், எந்தச் சத்து மாத்திரையைப் பற்றிய கட்டுரையும் செய்ய முடியாததை அது செய்யும்.

தங்களிடம் நான் கேட்பது இரண்டு. முதலாவது, உணவையும் நோயையும் இணைத்து வரும் ஆய்வுச் செய்திகளில், அந்த ஆய்வு கவனித்து எழுதியதா அல்லது குலுக்கல் முறையில் கொடுத்துப் பார்த்ததா, எந்த வயதுப் பெண்களைப் பற்றியது, நூற்றுக்கு எத்தனை பேருக்கு வேறுபாடு என்ற மூன்று விவரங்களையும் கட்டுரையாளர்கள் கட்டாயம் எழுத வேண்டும் என்று தாங்கள் ஒரு நெறி வகுக்க வேண்டும். மூன்றுக்கும் சேர்த்து இரண்டு வரிகள் போதும். இரண்டாவது, சென்ற வாரக் கட்டுரைக்கு ஒரு விளக்கம், அதே மகளிர் பக்கத்தில், அதே அளவு எழுத்தில் வர வேண்டும். கால்சியம் எலும்புக்கு வேண்டும், அது மார்பகப் புற்றுநோயைத் தடுக்கும் என்பது நிறுவப்படவில்லை, மார்பில் கட்டியோ காம்பில் நீர்க்கசிவோ தோலில் சுருக்கமோ கண்டால் வலி இல்லாவிட்டாலும் உடனே காட்ட வேண்டும் என்ற மூன்று செய்திகளும் அதில் இருந்தால் போதும். கத்தரித்து நாட்காட்டியில் செருகி வைக்கும் பெண்கள் இன்னமும் இருக்கிறார்கள். அவர்கள் கத்தரிப்பதற்கு இதுவும் கிடைக்கட்டும்.

என் அக்காவைப் பற்றி எழுதியதை அவரிடம் முழுவதுமாகப் படித்துக் காட்டி, அவர் சம்மதம் தெரிவித்த பிறகே இக்கடிதத்தைத் தபாலில் சேர்க்கிறேன். எட்டு மாதம் என்பதை நான் முதலில் "சில மாதங்கள்" என்றுதான் எழுதியிருந்தேன்; எட்டு என்றே எழுதச் சொன்னவர் அவர்தான்.

தங்கள் உண்மையுள்ள,
ஓய்வுபெற்ற அரசு மருந்தாளுநர்,
மன்னார்குடி.